பேரியாட்ரிக் ஆபரேஷனும் மாவுச்சத்தும்: பத்தியம் என்ற பெயரில் நடக்கும் தவறுகள்

பேரியாட்ரிக் என்ற எடை குறைப்பு ஆபரேஷனுக்கு வருபவர்களிடம் இனிப்பு கூடாது, பஜ்ஜி கூடாது, கூல்டிரிங்க்ஸ் கூடாது என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. என் அறைக்குள் நுழைவதற்கு முன்பே எல்லோரும் சொல்லிவிட்டிருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் உட்பட. அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய்போல் ஆக்குவது), பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு நேரே இணைப்பது) செய்துகொண்டவர்களின் சாப்பாட்டைக் கவனிக்கும் டயட்டீஷியன் வேலையில், என்னைத் தலையில் அடித்துக்கொள்ள வைப்பவை வேறு தவறுகள். ஒழுங்காகப் பத்தியம் இருக்கிறோம் என்று மனதார நம்பிக்கொண்டே செய்பவை.

பாதிக்குழப்பம் ஒரே இடத்தில் தொடங்குகிறது. ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் 'மாவுச்சத்தைக் குறையுங்கள்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு. முன்பு குறைப்பது கல்லீரலுக்காக. பின்பு குறைப்பது புரதத்துக்கு இடம் விடுவதற்காக.

கடைசி விருந்து

கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல்பகுதியை மறைத்தபடி இருக்கிறது. சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பி செய்யும் சர்ஜன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையைத் தொட முடியும். உடல் பருமன் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது வீங்கியிருக்கும். தூக்கினால் எளிதில் கிழியும், ரத்தம் கசியும். சில சமயம் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு வெளியே வரவேண்டியிருக்கும்.

அதற்காகத்தான் ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரங்கள் நாளுக்கு 800 முதல் 1000 கலோரிக்குள், மாவுச்சத்து மிகக் குறைவாக, புரதம் போதுமான அளவுக்கு என்று ஒரு உணவுமுறை கொடுக்கிறோம். கல்லீரல் தனக்குள் கிளைகோஜன் என்ற வடிவில் சர்க்கரையைச் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து வரத்து குறைந்ததும் அது கரைகிறது, தண்ணீர் வெளியேறுகிறது, கொழுப்பும் குறையத் தொடங்குகிறது.

ஒருவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தங்கை வளைகாப்பில் மட்டன் பிரியாணி, பிரட் அல்வா, ஐஸ்கிரீம் என்று ஒரு கட்டு கட்டிவிட்டு வந்தார். "இனி வாழ்க்கையில சாப்பிடவே முடியாதே மேடம்" என்றார். யார் சொன்னது? ஒரு வருடம் கழித்து அவரே பிரியாணியில் முதலில் கறியை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, நாலு வாய் சோற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கிளைகோஜன் கரைய எத்தனை நாள் ஆனதோ அத்தனை நாள் திரும்ப நிரம்பத் தேவையில்லை. இரண்டு மூன்று வேளை விருந்தே போதும்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. முதல் வாரத்தில் மூன்று கிலோ இறங்கியதும், "இதே மாதிரி போனா ஆபரேஷனே வேண்டாம் போலிருக்கே" என்று தேதியை ரத்து செய்துவிடுவார்கள். போனதில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

சுகர் மாத்திரையைப் பழையபடியே போடுவது

சாப்பாட்டில் மாவுச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கிளிமிபிரைடு மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே எடுத்தால் சர்க்கரை விழும். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையில் கலந்து வருவதால், தாங்கள் அதைச் சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அட்டையைக் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறொரு ஆபத்து இருக்கிறது. மாவுச்சத்து குறைந்த உணவு, ஆபரேஷனுக்கான பட்டினி, இந்த மாத்திரை மூன்றும் சேர்ந்தால் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறலாம். வீட்டு மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. ஆனால் வாந்தி, மூச்சிரைப்பு, வயிற்றுவலி வரும். ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். உணவுமுறை தொடங்கும்போதே நிறுத்த வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பிரஷர் மாத்திரையைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். முதல் வாரத்தில் தண்ணீரும் உப்பும் நிறைய வெளியேறும், எழுந்தால் தலை சுற்றும்.

கஞ்சி

சரி, என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதலில் தெளிந்த நீராகாரம், அப்புறம் கெட்டியான திரவம், அப்புறம் மசித்தது, அப்புறம் மென்மையான உணவு என்று ஆறு முதல் எட்டு வாரங்களில் படிப்படியாக வழக்கமான சாப்பாட்டுக்குப் போவார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் நாள் கணக்கில் சிறு வித்தியாசம் இருக்கும். தாளில் 'திரவ உணவு', 'மென்மையான உணவு' என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்ததும் நம் வீட்டுப் பெண்களுக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான்: காய்ச்சல்காரருக்குச் செய்யும் சாப்பாடு. நொய்க் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, சத்துமாவுக் கஞ்சி, குழைந்த ரசம் சாதம், இட்லி, இடியாப்பம், பாலில் நனைத்த பிரெட். நம் சமையலில் மென்மையாக இருப்பதெல்லாம் ஏறக்குறைய மாவுதான்.

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மூன்றாவது மாதப் பரிசோதனைக்கு வந்திருந்தார். எடை நன்றாகவே இறங்கியிருந்தது. ஆனால் மாடிப்படி ஏறினால் கால் நடுங்குகிறது, தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது என்றார். "சோறே தொடல மேடம், நீங்க சொன்னபடி லோ கார்ப்தான்." கூட வந்த அம்மா பையிலிருந்து எவர்சில்வர் தூக்கை எடுத்துத் திறந்தார். சத்துமாவுக் கஞ்சி. மேலே ஆடை கட்டியிருந்தது, ஏலக்காய் வாசம் அறை முழுக்க.

அன்றாடம் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதினேன். காலையில் இந்தக் கஞ்சி ஒரு டம்ளர், 3 கிராம் புரதம் இருந்தால் அதிகம். பதினொரு மணிக்கு ஆப்பிள் ஜூஸ், சொல்லும்படி ஒன்றும் இல்லை. மதியம் ஒரு சின்னக் கிண்ணம் ரசம் சாதம், 2 அல்லது 3 கிராம். சாயங்காலம் பாலில் கலந்த ஊட்டச்சத்து மால்ட், 6 கிராம். ராத்திரி இரண்டு இட்லி, 4 கிராம். படுக்கும் முன் ஒரு சின்ன டம்ளர் பால், 5 கிராம். கூட்டினால் 20 கிராமைச் சுற்றி நிற்கிறது. குறைந்தது 60 கிராம் வேண்டும். சோற்றைத் தொடவில்லை என்று சொன்னவர் நாள் முழுக்கச் சாப்பிட்டது கூழாக்கிய சோற்றைத்தான்.

புரதம் வராத உடம்பு தசையைக் கரைக்கிறது. தராசில் எடை இறங்குவது போலத்தான் தெரியும், எது இறங்குகிறது என்று தராசு சொல்லாது. வேகமாக எடை குறையும் யாருக்கும் மூன்றாவது, நான்காவது மாதத்தில் கொஞ்சம் முடி கொட்டும்தான். ஆனால் புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தவர்களுக்கு அது மோசமாகிறது. இவரோ கடையில் பயோட்டின் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம். "வயித்துல ஆபரேஷன் பண்ண புள்ளைக்குக் கஞ்சி குடுக்காம கறியா குடுப்பாங்க?" அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. எரிச்சல் அந்தத் தாளின் மேல்தான். 'மென்மையான உணவு: இட்லி, இடியாப்பம், ரசம் சாதம்' என்று இன்றும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதே தாளைத்தான் நீட்டினேன். இப்போது புதிதாக வரும் டயட்டீஷியன்கள் அதையே வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள்.

இந்தத் தவறின் விலை மூன்றாவது மாதத்தோடு முடிவதில்லை. ஈரமான மாவு உணவு புது வயிற்றில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது. கறியும் முட்டையும் நின்று இறங்கும், சரியாக மெல்லாவிட்டால் நெஞ்சில் அடைக்கும். அதனால் ஆள் எது சுலபமோ அதற்குப் பழகிவிடுகிறார். ஒரு வருடம் கழித்துப் பசி திரும்பி வரும்போது அந்தப் பழக்கம் அப்படியே இருக்கும். இரண்டாவது வருடத்தில் எடை ஏறி வருபவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் பிஸ்கட்டும் தயிர் சாதமும் என்பார்கள்.

மென்மையாகவும் இருக்க வேண்டும், புரதமாகவும் இருக்க வேண்டும் என்றால் நம் சமையலில் வழி இல்லாமல் இல்லை. காரமும் எண்ணெயும் குறைத்த சுறாப் புட்டைவிட இந்தக் கட்டத்துக்குப் பொருத்தமான பண்டம் எனக்குத் தெரியாது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிறோம், இவர்களுக்கு ஏன் கொடுக்கக்கூடாது? முட்டையை நன்றாக அடித்து, சின்னத் தீயில் ஈரம் போகாமல் கிளறிய பொடிமாஸ், ஒரு முட்டைக்கு 6 கிராம். முள் எடுத்த ஆவி மீன். சைவக்காரர்கள் உதிர்த்த பனீரைக் கையில் பிசைந்து மிளகு சீரகத்தோடு சாப்பிடலாம், 100 கிராமில் 18 கிராம் கிடைக்கும். தயிரை மெல்லிய துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வடியவிட்டால் காலையில் கெட்டியாக நிற்கும், அதே அளவுக்குப் புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பருப்பைக் கெட்டியாகக் கடையுங்கள். சாம்பாரில் மேலே நிற்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பருப்பு சாப்பிட்டதாகக் கணக்கு எழுதாதீர்கள்.

தட்டில் முதலில் புரதம். அடுத்தது காய். இடம் மிஞ்சினால் சோறு. பெரும்பாலும் மிஞ்சாது.

சிறுதானியம் மாவுச்சத்து இல்லை என்று நினைப்பது

100 கிராம் கேழ்வரகில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. அவ்வளவுதான்.

நூறு பாதாம்

மாவுச்சத்தைத் தவிர்த்துக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் பேலியோ உணவுமுறையில் இருந்து பழகியவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகும் காலைக்கு நூறு பாதாம் என்று வருவார்கள். நூறு பாதாம் ஏறக்குறைய 700 கலோரி. புது வயிற்றில் ஒரே வேளையில் நிச்சயம் கொள்ளாது. அதனால் டப்பாவில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கொறிப்பார்கள். மாவுச்சத்து குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் எடை திரும்ப ஏறுவதற்கு இந்தக் கொறிக்கும் பழக்கம் முக்கியமான வழி.

பைபாஸ் செய்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கொழுப்பு முழுதாக உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும்போது அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. சாதாரணமாகச் சுண்ணாம்போடு சேர்ந்து மலத்தில் போகவேண்டிய ஆக்சலேட், துணையில்லாமல் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தில் கல்லாகிறது. பாதாமிலும் பசலைக்கீரையிலும் ஆக்சலேட் அதிகம். பாதாம் மாவு தோசை, பசலைக்கீரை ஸ்மூத்தி, மேலே நெய் போட்ட காபி, கூடவே சித்திரை வெயிலில் தண்ணீரும் குறைவு என்றால் கல்லுக்கு வேறென்ன வேண்டும்?

சாப்பாட்டோடு தண்ணீர்

வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, மடக்கு மடக்காக.

மதியத்துக்கு மேல் வரும் நடுக்கம்

சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, கைநடுக்கம் வந்தால், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, பெரும்பாலும் அது பசி இல்லை. முன்பு சாப்பிட்ட ஜூஸோ, வெறும் சோறோ வேகமாகக் குடலுக்குள் இறங்கி, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சர்க்கரை கீழே விழுந்திருக்கிறது. வீட்டில் உடனே சாக்லேட் கொடுப்பார்கள். அது மறுபடி ஏறும், மறுபடி விழும். அந்த நேரத்தில் மீட்டரில் பாருங்கள். உண்மையிலேயே குறைந்திருந்தால் கொஞ்சம் குளுக்கோஸ், தெளிந்ததும் ஒரு முட்டையோ பனீரோ. அப்புறம் முந்தைய வேளை என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் வாருங்கள். மருந்து அந்த வேளையை மாற்றுவதில்தான் இருக்கிறது.

வாந்திக்குத் தெருமுனையில் குளுக்கோஸ் ஏற்றுவது

இது சாப்பாட்டுத் தவறு இல்லை, ஆனால் சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. வேகமாக விழுங்கியோ, சீக்கிரமே கட்டி உணவுக்குப் போயோ, உள்ளே ஏதாவது அடைத்தோ நாள் கணக்கில் வாந்தி எடுக்கிறார். உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமினின் கையிருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான். அது வற்றிய நிலையில் பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் டிரிப்ஸ் போட்டால், மிச்சமிருந்த தயாமினும் அந்தச் சர்க்கரையை எரிப்பதில் தீர்ந்து, மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது இதன் அறிகுறிகள். எந்த டாக்டரிடம் போனாலும் "எனக்கு பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆகியிருக்கு, தயாமின் போட்டுட்டு குளுக்கோஸ் போடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட வருபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆபரேஷன் செய்த சர்ஜனுக்கு அன்றே போன் செய்யுங்கள்.

சத்து மாத்திரையை நிறுத்துவது

ஆயுள் முழுக்க உண்டு. கால்சியத்துக்கும் இரும்புக்கும் இடையே இரண்டு மணி நேரம்.

எடை நின்றதும் மறுபடி திரவத்துக்குப் போவது

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரத்தை ஒட்டிப் பலருக்கும் எடை அப்படியே நின்றுவிடும். காலியான கிளைகோஜனும் அதோடு தண்ணீரும் கொஞ்சம் திரும்ப நிரம்புவது ஒரு காரணம். அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் தானாக நகரும். அதற்குள் பதறிப்போய், 'வயிற்றை ரீசெட் செய்கிறேன்' என்று ஐந்து நாள் சூப்பிலும் மோரிலும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சுருக்கிய வயிறு திரவத்தால் மேலும் சுருங்காது. இழப்பது அந்த ஐந்து நாள் புரதத்தைத்தான். ஒரு வருடம் கழித்து எடை நின்றாலோ ஏறினாலோ, மூன்று நாள் வாயில் போட்டதை எல்லாம், காபிக்குக் கூட வந்த பிஸ்கட் உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்துப் பேசலாம்.