பிரிட்டனுக்குப் புதிதா? பக்கத்து ஆர்ட்ஸ் சென்டருக்கு ஒரு நடை போய் வாருங்கள்

வீடு, வங்கிக் கணக்கு, ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று அலைந்து முடித்ததும் ஒரு சனிக்கிழமை வரும், கையில் வேலையும் இருக்காது, பேச ஆளும் இருக்காது. அப்போது நம்மவர்கள் தேடுவது தமிழ்ப் படம் எங்கே ஓடுகிறது, தமிழ்ச் சங்கம் எப்போது கூடுகிறது என்பதைத்தான். தேடுங்கள், தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் இருக்கிற ஊரே தெரியாமல் வருடங்கள் ஓடிவிடும். ஊருக்குள் நுழையச் சுலபமான வாசல் உள்ளூர் ஆர்ட்ஸ் சென்டர்தான் என்பது என் கட்சி. ஒரு சின்ன சினிமா, ஒரு நாடக மேடை, கண்காட்சி அறை, கஃபே எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும். லண்டனில்தான் இதெல்லாம் என்று நினைக்க வேண்டாம். பர்மிங்காமில் கேனன் ஹில் பூங்காவுக்குள் 1962-இல் தொடங்கிய மிட்லண்ட்ஸ் ஆர்ட்ஸ் சென்டர் இருக்கிறது, கார்டிஃபில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் சாப்டர் இயங்குகிறது, கோவென்ட்ரியில் பல்கலைக்கழக வளாகத்திலேயே வாரிக் ஆர்ட்ஸ் சென்டர். சின்ன ஊர்களில் தன்னார்வலர்களே நடத்துகிற இடங்களும் உண்டு.

முதல் தடவை டிக்கெட் வாங்காமலே போங்கள். உள்ளே உட்கார யாரும் காசு கேட்க மாட்டார்கள். லண்டனில் 1951-இல் நடந்த பிரிட்டன் விழாவுக்காகக் கட்டிய ராயல் ஃபெஸ்டிவல் ஹாலின் முன்கூடம் எல்லாருக்கும் திறந்தே இருக்கும், அங்கே இலவச இசை நிகழ்ச்சிகளும் அடிக்கடி நடக்கும், ஐந்தாம் தளத்தில் நேஷனல் பொயட்ரி லைப்ரரியும் இலவசம். நிகழ்ச்சிப் புத்தகம் ஒன்றைக் கையோடு எடுத்து வந்து வீட்டில் நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலும் பருவத்துக்கு ஒன்று அச்சடிப்பார்கள், நல்ல நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் சில மாதங்களுக்கு முன்பே தீர்ந்துபோகும்.

படம் என்றால் வயதுச் சான்றிதழைப் பார்க்காமல் டிக்கெட் போடவே போடாதீர்கள். நம் குடும்பங்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது இங்கேதான். 12ஏ என்றால் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெரியவர் துணையோடு கூட்டிப் போகலாம். 15 என்றால் பதினைந்து வயது ஆகாதவருக்கு அனுமதி இல்லை, அப்பா அம்மா கூட வந்தாலும் இல்லை, "எங்கள் பிள்ளைதான், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வாசலில் வாதாடியும் பலன் இல்லை. இந்தியாவில் யு/ஏ வாங்கி குடும்பத்தோடு பார்த்த படம் அரிவாள் வெட்டு காரணமாக இங்கே 15 ஆகிவிடலாம். கைக்குழந்தை இருந்தால் பெற்றோர்களுக்கென்றே பகலில் நடக்கும் காட்சிகளைக் கேளுங்கள், விளக்கை முழுக்க அணைக்க மாட்டார்கள், குழந்தை அழுதாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று, லண்டன் நாடகத்துக்குப் போக நேரமும் பணமும் இல்லாதவர்களுக்கு 2009 முதல் நேஷனல் தியேட்டர் லைவ் இருக்கிறது. மேடையில் நடப்பதைப் படம்பிடித்து ஊர் ஊராகத் திரையிடுகிறார்கள்.

டிக்கெட் போடும்போது பணம் கட்டும் பக்கத்தை மேய்ந்துவிட்டுப் போகாமல் வாசியுங்கள். பல இடங்கள் பதிவுபெற்ற தொண்டு அமைப்புகள், அதனால் நன்கொடை என்று ஒரு தொகையைக் கணக்கில் சேர்த்துக் காட்டுவார்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. அதன் பக்கத்தில் கிஃப்ட் எய்ட் பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால் நீங்கள் நன்கொடையாகக் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அவர்கள் அரசிடமிருந்து 25 பென்ஸ் வாங்கிக்கொள்வார்கள், உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. ஆனால் அந்த வருடம் இங்கே போதிய வருமான வரி கட்டியவர்கள் மட்டும் டிக் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வித்தியாசத்தை வரித்துறை உங்களிடமே கேட்கலாம். சலுகை விலையைக் கேட்க வெட்கப்படாதீர்கள்: மாணவர்கள், வயதானவர்கள், உடல் ஊனமுற்றவர்களுடன் துணைக்கு வருபவர்கள் என்று பலருக்கு உண்டு, முடிந்ததைக் கொடுங்கள் என்கிற நிகழ்ச்சிகளும் உண்டு. பணத்தைத் திருப்பித் தருவது மட்டும் அரிது.

நேரம். ஏழரை என்றால் ஏழரை. தாமதமானால் வெளியே நிறுத்திவைத்து இடைவெளி பார்த்துத்தான் விடுவார்கள், சிலபோது விடவும் மாட்டார்கள். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவே கைதட்ட மாட்டார்கள், அதனால் பக்கத்தில் இருப்பவர் தட்டும்வரை சும்மா இருப்பது நல்லது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிற நம் சபா பழக்கம் இங்கே எடுபடாது.

இதற்கெல்லாம் நேர்மாறு பான்டோ. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் நடக்கும் சிறுவர் நாடகம். ஆண் ஒருவர் பெண் வேடத்தில் வந்து கலாய்ப்பார், வில்லன் வந்தால் கூட்டமே ஊளையிட வேண்டும், அரங்கமே சேர்ந்து கத்தி மேடைக்குப் பதில் சொல்ல வேண்டும். கட்டியங்காரனைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஆங்கிலச் சிலேடை பாதி புரியாது, பரவாயில்லை. பிள்ளைகள் பள்ளியில் இதைப் பற்றித்தான் பேசுவார்கள், அதனால் அக்டோபருக்குள் டிக்கெட் பார்த்து வையுங்கள்.

ஆனால் ஆள் பழக வேண்டும் என்றால் பார்வையாளராக உட்கார்ந்து ஆகப்போவது குறைவு. கூடிப் பாடும் குழு, காலை காபிக் கூட்டம், பின்னல் வட்டம், யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடவோ பேசவோ செய்கிற திறந்த மேடை என்று எதிலாவது வாராவாரம் போய் நில்லுங்கள். குரல் தேர்வு இல்லாத பாட்டுக்குழுக்கள் நிறைய. அப்புறம், வாசலில் டிக்கெட் சரிபார்க்கிற தன்னார்வலர்களாகச் சேர்ந்தால் பல இடங்களில் நிகழ்ச்சியை இலவசமாகவே பார்க்கலாம். விசா விஷயத்தில் மட்டும் கவனம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் செய்யும் ஊதியமில்லாத வேலைகூட சில சமயம் வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்கிற வரம்புக் கணக்கில் சேரும், சேர்வதற்கு முன் கல்லூரியின் விசா ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், மாணவர் விசாவில் கலைஞராகத் தொழில் செய்ய அனுமதி இல்லை. நன்றாகப் பாடுகிறீர்களே, ஐம்பது பவுண்ட் தருகிறோம், வந்து பாடுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் ஆசைப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தமிழ் நிகழ்ச்சிகள் இதே அரங்குகளில் நடக்கும், ஆனால் அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா போன்றவை தனியார் வாடகைக்கு எடுத்து நடத்துபவை என்பதால் நிகழ்ச்சிப் புத்தகத்தில் பல நேரம் இருக்காது. வாட்ஸ்அப் குழுக்களிலும் கோயில் அறிவிப்புப் பலகையிலும்தான் தெரியவரும். லண்டனில் இருப்பவர்கள் மேற்கு கென்சிங்டனில் உள்ள பாரதிய வித்யா பவனைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கர்நாடக இசை, மிருதங்கம், பரதநாட்டியம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள், கச்சேரிகளும் நடக்கும்.

கடைசியாக, ஞாயிறு மாலை நிகழ்ச்சி என்றால் டிக்கெட்டுக்கு முன்னால் திரும்பி வரும் பஸ், ரயில் நேரத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்கள் குறைவு, தண்டவாள வேலை என்று ரயிலையும் நிறுத்திவிடுவார்கள், பத்து மணிக்குக் குளிரில் டாக்ஸி தேடினால் டிக்கெட்டை விட அதற்குத்தான் அதிகம் செலவாகும்.