வீட்டு விளையில் முதல் நல்லமிளகுக் கொடி: நடுவது முதல் உலர்த்துவது வரை

எங்கள் வீட்டு விளையில், அதாவது பின்புறத் தோட்டத்தில், ஒரு பழைய பலா நிற்கிறது. அதில் நல்லமிளகு ஏற்றிவிட வேண்டும் என்று நினைத்து, குலசேகரம் பக்கத்தில் இருக்கும் மாமி வீட்டிலிருந்து திரி (மிளகு மணிகள் பிடிக்கும் சரம்) நிறைய தொங்கிய ஒரு கொம்பை ஒடித்துக்கொண்டு வந்து மரத்து மூட்டில், அதாவது அடியில், நட்டேன். அது பிழைத்தது, தளிரும் விட்டது. ஆனால் மரத்தைத் தொடவே இல்லை. இரண்டு வருடம் தரையில் புதராகவே நின்றது. வந்து பார்த்த மாமி, "மக்கா, நீ ஒடிச்சது காய்க்கிற கொம்பு. ஏறுற கொடி வேணும்னா மூட்டுலதான் பார்க்கணும்" என்றார். முதல் முறை நடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அதனால் கொடியைப் பற்றி இங்கே கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இந்தச் செடி புதிதல்ல. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களோடு திருவிதாங்கூர் மோதியதற்குப் பின்னால் இருந்ததே மிளகு வியாபாரம்தான். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் கிடைப்பதால் கல்குளம், விளவங்கோடு பக்கம் இது தானாகவே செழித்து வளரும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்றும் வெயிலும் அதிகம். அங்கே இருப்பவர்கள் மரத்தில் ஏற்றுவதைவிடத் தொட்டியில் வளர்ப்பது நல்லது. அதைக் கீழே சொல்கிறேன்.

மரம்

பட்டை சொரசொரப்பாக இருக்க வேண்டும். கொடியின் கணுக்களில் வரும் சிறு வேர்கள் அதைப் பற்றித்தான் ஏறும். பலா, அயனி (காட்டுப்பலா), மா, கமுகு எல்லாம் நன்றாக ஒத்துழைக்கும். முருக்கங்கம்பு (கல்யாண முருங்கை) நட்டு ஏற்றுவது பழைய வழக்கம். ஆனால் இலையில் முடிச்சு விழவைக்கும் சிறு குளவி வந்த பிறகு பல இடங்களில் முருக்கு பட்டுப்போய்விட்டது. புதிதாகக் கம்பு நடுவதானால் சீமைக்கொன்றை (கிளிரிசிடியா) பாருங்கள். ரப்பர் வேண்டாம், பால் வெட்டுகிற மரத்தில் கொடி ஏற்ற முடியாது. தென்னையில் ஏற்றலாம், ஆனால் தேங்காய் வெட்ட ஏறுபவரின் காலில் கொடி மிதிபடும். வேறு மரம் இருந்தால் தென்னையை விட்டுவிடுங்கள்.

கொடி

ஒரு வளர்ந்த மிளகுக் கொடியில் மூன்று வகைத் தண்டுகள் இருக்கும். மரத்தைப் பற்றி நேராக மேலே போவது ஒன்று. அதிலிருந்து பக்கவாட்டில் பிரிந்து திரி பிடிப்பது இரண்டாவது. நான் ஒடித்து வந்தது இதைத்தான். மூன்றாவது, கொடியின் அடியிலிருந்து புறப்பட்டுத் தரையில் ஓடுவது. நமக்கு வேண்டியது இந்த ஓடுகொடிதான்.

நன்றாகக் காய்க்கும் ஒரு கொடியை முதலில் குறித்து வையுங்கள். அதன் ஓடுகொடிகள் மண்ணில் வேர்விடாமல் இருக்க, மூட்டில் ஒரு குச்சி ஊன்றி அதில் சுற்றி விடுங்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் அவற்றை வெட்டி, இளம் நுனியையும் முற்றிய அடியையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியை எடுங்கள். இரண்டு மூன்று கணு இருக்கிற மாதிரி துண்டாக்குங்கள். இலைப்பரப்பை மட்டும் நறுக்கிவிட்டுக் காம்பை விட்டுவிடுங்கள்.

மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு கலந்து பாலித்தீன் பைகளில் நிரப்பி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். பையின் அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். நல்ல நிழலில் வைத்து, ஈரம் காயாமலும் சேறாகாமலும் பார்த்துக்கொண்டால் மழை தொடங்கும்போது நடுவதற்குத் தயாராகிவிடும்.

விதை போட்டு வளர்க்க ஆசைப்பட வேண்டாம். தாய்க்கொடியின் குணம் அப்படியே வராது, காய்ப்புக்கும் வெகுநாள் ஆகும்.

ரகம் என்று பார்த்தால் வீட்டுக்கு நான் கரிமுண்டாவைத்தான் சொல்வேன். நிழலைத் தாங்கும், எங்கேயும் ஒத்துப்போகும். பன்னியூர் 1 கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூரில் உருவான கலப்பினம். திரி நீளமாக இருக்கும், மணி பெரிதாக இருக்கும். ஆனால் அடர்ந்த நிழலில் காய்ப்பு குறையும். வீட்டு விளையில் பலாவும் மாவும் தென்னையும் நெருங்கி நிற்பதுதானே வழக்கம்.

அப்புறம் அந்தப் புதராக நின்ற கொம்பு. அது வீணாகவில்லை. காய்க்கும் பக்கக் கொம்பை வேர்பிடிக்க வைத்தால் கிடைப்பதுதான் புதர்மிளகு. பெரிய தொட்டியில், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வைத்தால் முதல் வருடத்திலேயே திரி வந்துவிடும். மரம் இல்லாத வீட்டுக்கும், காற்று அடிக்கிற ஊருக்கும் இதுவே வழி. பக்கக் கொம்பு ஓடுகொடி அளவுக்குச் சுலபமாக வேர்விடாது என்பதால் கூடுதலாகச் சில துண்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்.

நடவு

ஜூனில் மழை பிடித்ததும் நடலாம். மரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, வடக்குப் பக்கமாக, அரை மீட்டர் நீள அகல ஆழத்தில் குழி எடுங்கள். மேல்மண்ணோடு 5 கிலோ மக்கிய தொழுஉரம், 1 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, 50 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து நிரப்புங்கள். டிரைக்கோடெர்மா என்பது கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை. உரக்கடையில் பொடியாகக் கிடைக்கும். ஒரு குழிக்கு இரண்டு மூன்று கன்று வையுங்கள். நட்ட இடம் சுற்றுமண்ணைவிடக் கொஞ்சம் மேடாக இருக்கட்டும். வாழைக்கு எடுப்பதுபோலத் தண்ணீர் நிற்கும்படி தடம் (பள்ளம்) எடுத்துவிடாதீர்கள். ஏன் என்பதை வாடல் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

தென்னையானால் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தள்ளி நட்டு, ஒரு கம்பு சாய்த்து அதன் வழியாகக் கொடியை மரத்துக்குக் கொண்டு போக வேண்டும். தூரில் வேர் பின்னிக் கிடப்பதால் அங்கே குழி எடுக்க முடியாது.

கொடி வளர வளர, கணுவை மரத்தோடு சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். பிடித்துக்கொண்ட பிறகு கட்டு தேவைப்படாது. முதல் கோடையில்தான் பல கன்றுகள் போகின்றன. மார்ச், ஏப்ரலில் தென்னை ஓலையோ கமுகு ஓலையோ சாய்த்து நிழல் கொடுங்கள். மூட்டில் சருகு பரப்புங்கள், மண்ணைக் கொத்த வேண்டாம். வேர்கள் மேலாகவே ஓடும்.

வாடல்

இரண்டாவது முறை சரியான கொடியைத்தான் நட்டேன். மூன்று வருடம் வளர்ந்து பலாவின் முதல் கவை வரை போயிருந்தது. ஒரு ஜூலை மாதம் இலையில் கறுப்புப் புள்ளி வந்தது, ஓரம் நூல் பிரிந்த மாதிரி. ஒரு வாரத்துக்குள் இலையும் கொம்புமாக உதிர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொடி மொட்டையாகிவிட்டது. ஓட்டுத் தண்ணீர் விழுந்து அந்த மூட்டில்தான் தேங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதன் பெயர் விரைவு வாடல். மண்ணில் இருக்கும் ஃபைட்டோப்தோரா என்ற கிருமி, தேங்கிய நீர் வழியாக வேரையும் அடித்தண்டையும் அழுகவைக்கும். இலை உதிரத் தொடங்கிய பிறகு காப்பாற்றுவது மிகவும் கடினம். வருமுன் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். தண்ணீர் ஓடிப்போக ஒரு சால் வெட்டுங்கள். தரையைத் தொடும் ஓடுகொடிகளை வெட்டிவிடுங்கள் அல்லது தூக்கிக் கட்டுங்கள். மழைக்கு முன்பும், ஆகஸ்ட் செப்டம்பரில் மழை விடும்போதும் ஒரு சதவீத போர்டோ கலவை அடியுங்கள்.

கலவை செய்வது இப்படி. 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். 100 கிராம் நீற்றாத சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரில் நீற்றி, ஆறியதும் வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் ஊற்றிக்கொண்டே கிளறுங்கள், மாற்றி ஊற்றக் கூடாது. துரு இல்லாத இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும். அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். டிரைக்கோடெர்மா போடுவதாக இருந்தால் இதோடு சேர்க்காமல் சில வாரம் தள்ளிப் போடுங்கள், செம்பு அதையும் கொன்றுவிடும்.

காய்ப்பு

மூன்றாம் நான்காம் வருடம் திரி வரும். மே, ஜூன் மழையில் பூத்து, டிசம்பர் ஜனவரியில் பறிப்புக்கு வரும். வருடத்துக்கு 10 கிலோ தொழுஉரம், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் அரை கிலோ சுண்ணாம்பு கொடுத்தால் போதும். மணி உள்ளே ஒன்றுமில்லாமல் பொல்லாகப் போனால் அது பொல்லு வண்டு. நிழல் மிகுந்த இடத்தில்தான் அதிகம் வரும், மரத்துக் கொம்புகளைக் கழித்துவிடுங்கள்.

ஒரு திரியில் ஒன்றிரண்டு மணி சிவந்தால் அந்தத் திரியை முழுதாகப் பறித்துவிடலாம். எல்லாம் சிவக்கட்டும் என்று விட்டால் கிளி முந்திக்கொள்ளும். மணியை உதிர்த்து, துணியில் கட்டிக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். நிறம் ஒரே கறுப்பாக, மினுக்கமாக வரும், சீக்கிரமும் உலரும். சுத்தமான பாயில் நான்கைந்து நல்ல வெயில் காட்டுங்கள். இரவில் பனி படாமல் உள்ளே எடுத்துவிடுங்கள். மூன்று கிலோ பச்சைக்கு ஒரு கிலோ கிடைக்கும்.

பல்லில் வைத்துக் கடித்தால் டப்பென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். நன்றாக உலர்ந்ததைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து அடுக்களையில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.