உதவித்தொகை எந்த மேசையில் நிற்கிறது?

“மேடம், ஸ்காலர்ஷிப் எப்ப வரும்?”

அரசு கலைக் கல்லூரி ஒன்றின் உதவித்தொகைப் பிரிவில் 22 வருடம் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கேள்விக்கு “வந்துடும்மா” என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. “எப்போது வரும்” என்று கேட்டால் பதில் சொல்லும் கட்டாயம் யாருக்கும் இல்லை. “இன்றைக்கு எங்கே நிற்கிறது, எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது” என்று கேட்டால் யாரோ ஒருவர் கோப்பைத் திறந்தாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லித் தருகிறேன். மேசையின் அந்தப் பக்கம் இருந்தவள் சொல்வதால் கொஞ்சம் நம்பலாம்.

நான் பேசப்போவது பத்தாவதுக்குப் பிந்தைய படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் பற்றி. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்களுக்கும் தமிழ்நாட்டில் உண்டு; அவர்களுக்கு மாநில நிதி. மற்ற பிரிவினருக்கு வேறு துறை, வேறு திட்டம். ஆனாலும் காணாமல் போன பணத்தைத் தேடும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் இ-சேவை மையத்தில் இணையச் சான்றாக மாற்றிக்கொள்ளுங்கள். எண் இருந்தால்தான் வலைத்தளம் ஏற்கும். ஆதிதிராவிடருக்குத் தாசில்தார் கொடுப்பார், பழங்குடியினருக்கு கோட்டாட்சியர். பழங்குடிச் சான்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே பிள்ளை பத்தாவது படிக்கும்போதே எழுதிப் போட்டுவிடுங்கள்.

வருமானச் சான்றில் ஒரு வேடிக்கை உண்டு. என்னிடம் வந்த சான்றுகளில் நிறையப் பேருக்கு வருமானம் சொல்லிவைத்த மாதிரி 72,000 ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வெகுகாலம் அதுதான் வரம்பு. ஊரில் எல்லாரும் அதே தொகையில் வாழ்ந்தார்கள், காகிதத்தில். உண்மையான வருமானத்தைச் சொல்லி வாங்குங்கள். வரம்பு 2.5 லட்சம் என்கிறபோது எதற்குப் பயம்?

அடுத்தது பெயர். ஆதாரில் “எஸ். கவிதா”, மதிப்பெண் பட்டியலில் “கவிதா எஸ்”, வங்கிப் புத்தகத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு சேர்த்து ஒரு கவிதா. நமக்கு மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர். மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரை மாற்றுங்கள், பிறகு வங்கியை. பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திருத்த அலைவதைவிட இது பத்து மடங்கு சுலபம்.

இப்போது வங்கிக் கணக்கு. நான் பார்த்த வரையில் பாதிப் பணம் வழி தவறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது ஒன்று. அரசுப் பணம் வந்து விழ வேண்டிய கணக்கு இதுதான் என்று ஆதாரோடு இணைப்பது வேறொன்று. “ஆதார் கொடுத்தாச்சு சார்” என்று சொல்வது முதலாவதை மட்டும். இரண்டாவது இணைப்பு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணக்குக்குத்தான் இருக்க முடியும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். மை ஆதார் இணையதளத்தில் நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். எந்த வங்கி, இணைப்பு நடப்பில் உள்ளதா என்று காட்டும்.

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டு வருடமாகப் பணம் வரவில்லை என்று அழுதாள். பார்த்தால் பணம் இரண்டு வருடமாக ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, அவளுக்கே தெரியாத ஒரு கணக்கில்! சிம் கார்டு வாங்கப் போன இடத்தில் கைரேகை வைத்திருக்கிறாள், கடைக்காரர் அப்படியே ஒரு கணக்கையும் திறந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பணம் பத்திரமாக இருந்ததால்.

இதெல்லாம் சரியென்றால் கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசின் யூமிஸ் தளத்தில் விண்ணப்பம். பள்ளியில் எமிஸ் எண் இருந்தது போல் கல்லூரியில் இது. சமர்ப்பித்ததும் வருகிற ஒப்புகையை அச்செடுத்து வையுங்கள். செல்போன் படத்தை நம்பாதீர்கள். அப்புறம் விண்ணப்பம் கல்லூரி, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம், சென்னை இயக்குநரகம் என்று மேலே ஏறும். ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு முதலில் மாநிலத்தின் 40 சதவீதம், அதை மாநிலம் விடுவித்த பிறகு மத்திய அரசின் 60 சதவீதம். இரண்டு தவணை, இரண்டு தேதி. ஒன்று வந்து மற்றது வராமல் இருந்தால் குழம்ப வேண்டாம், எது வரவில்லை என்று சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்று: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இதோடு சேர்த்தே கிடைக்கும். ஒன்று வாங்கினால் மற்றது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பணம் நின்றுவிட்டதா? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, மாவட்ட நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையில் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். மனு தவறான அலுவலகத்துக்குப் போனாலும் கவலையில்லை, ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

மனுவில் “ஏன் தரவில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். காரணம் கேட்டால் “பரிசீலனையில் உள்ளது” என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். நானே முடித்திருக்கிறேன். தேதியும் நகலும் கேளுங்கள்: என் விண்ணப்பம் கல்லூரியிலிருந்து எந்தத் தேதியில் வந்தது, திருப்பி அனுப்பப்பட்டதா, என்ன குறிப்போடு, இந்தக் கல்வியாண்டுக்கு மாநிலப் பங்கு எந்தத் தேதியில் ஒப்பளிக்கப்பட்டது, அந்த ஆணையின் நகல். நாலு கேள்வி போதும்.

இப்படி ஒரு வகுப்பில் பத்துப் பேர் போட்டால் பத்துப் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாமதம் உங்கள் ஒருத்தருடையதா, எல்லாருக்குமானதா என்று புரியும். எல்லாருக்கும் என்றால் பிரச்சினை விதியில் இருக்கிறது. விதியை மாற்றக் கேட்பது தனி வேலை.

அந்த வேலையில் பெரும்பாலானவர்கள் தோற்பது கதவு மாறிப் போவதால். 2.5 லட்சம் வரம்பை உயர்த்தச் சொல்லிக் கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுத்துப் பயனில்லை. அது மத்திய அரசின் விதி, நாடாளுமன்ற உறுப்பினருக்குத்தான் எழுத வேண்டும். சான்றிதழ், மாநிலப் பங்கு, சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தை ஈடுகட்டும் 2012-ஆம் ஆண்டு அரசாணை 92 போன்றவை மாநிலத்தின் கையில். அவற்றுக்குத் தட்ட வேண்டிய கதவுகள்: சட்டமன்ற உறுப்பினர், ‘முதல்வரின் முகவரி’ என்னும் குறைதீர்ப்புப் பிரிவு, சட்டமன்ற மனுக்கள் குழு. ஃபீஸ் கட்டாததால் ஹால் டிக்கெட் தர மாட்டேன் என்று கல்லூரி சொன்னால்தான் கலெக்டரிடம் ஓட வேண்டும், அன்றைக்கே.

எதைக் கேட்பது? என் பட்டியல் சின்னது. 2.5 லட்சம் வரம்பு 2013-14 முதல் அப்படியே இருக்கிறது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு என்று 2019-இல் வந்த ஒதுக்கீட்டுக்கு வரம்பு 8 லட்சம். இந்த இரண்டு எண்ணையும் ஒரே வரியில் எழுதுங்கள், விளக்கம் வேண்டாம். அடுத்து கல்விப்படி: வீட்டிலிருந்து வந்து பி.ஏ. படிக்கும் ஆதிதிராவிடர் பிள்ளைக்கு மத்திய அரசு 2020-இல் நிர்ணயித்தது வருடத்துக்கு 3,000 ரூபாய். மாதம் 250. பஸ் பாஸ் இலவசம் என்றாலும் நோட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 2021-22 முதல் மத்தியப் பங்கு நேரே மாணவர் கணக்குக்கு வருகிறது, அவர் எடுத்துக் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். போலிப் பெயர்களில் பணம் எடுத்த கல்லூரிகள் நாட்டில் இருந்ததால் வந்த சீர்திருத்தம், எண்ணம் நல்லதுதான். ஆனால் கல்லூரி ஜூலையில் கேட்கிறது, பணம் எப்போதோ வருகிறது. நடுவில் வட்டிக்கு வாங்குவது அம்மா. ஆகவே பணம் வரும்வரை கல்லூரி கட்டணம் கேட்கக் கூடாது என்றோ, முதல் பருவக் கட்டணத்துக்கு முன்பே தவணையை விடுவிக்க வேண்டும் என்றோ ஒன்றைக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எதையும் செய்ய மாட்டார்கள்.

மனு கொடுத்தால் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: 1942-இல் அம்பேத்கர் வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒடுக்கப்பட்டோரின் குறைகளை மனுவாக எழுதிக் கொடுத்தார். படிப்புக்கான உதவியும் அதில் ஒன்று. 1944-இல் இந்த ஸ்காலர்ஷிப் பிறந்தது. 1984-இல் நானும் இதில்தான் பி.காம். படித்தேன், கடைசித் தவணை வந்தபோது பரீட்சையே முடிந்திருந்தது.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தகவல் உரிமைப் பதில்களின் நகலைப் பின்னால் வைத்து ஊசி குத்துங்கள், தேதிகளை அடிக்கோடிடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். “உள்ளே வைத்துவிட்டுப் போம்மா” என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.