புதன்கிழமை காய் வாங்குவதில்லை

2018 நவம்பர் 16, விடிவதற்குள் கஜா புயல் எங்களைக் கடந்து போய்விட்டது. வேதாரண்யத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வாசலில் நின்ற தென்னைகள் எல்லாம் வாசலிலேயே படுத்துக் கிடந்தன. கரண்ட் வர 20 நாளுக்கு மேல் ஆனது. பிரிட்ஜில் இருந்த இட்லி மாவும் மீனும் இரண்டாம் நாளே குப்பைக் குழிக்குப் போயின. அதன் பிறகு ஐந்து பேருக்கும் சோறு போட்டது அத்தையின் புளிப்பானையும் வத்தல் டின்னும்தான். உப்புக்கு மட்டும் கவலையே இல்லை, உப்பளத்து ஊர்.

அந்தப் பயத்தில் அடுத்த மாதமே 10 கிலோ கொண்டைக்கடலை, ஓர் அட்டைப்பெட்டி நூடுல்ஸ், மைதா என்று வாங்கிக் குவித்தேன். சித்திரையில் டின்னைத் திறந்தால் கடலையில் பாதி பொத்தல். மைதாவில் புழுக்கூடு. "நாம திங்காததை வண்டுதாம்மா திங்கும்" என்றார் அத்தை. எங்கள் வீட்டில் கொண்டைக்கடலை சரஸ்வதி பூஜைக்கு மட்டும்தான் என்பது வாங்கும்போது எனக்கு நினைவில்லை.

ஆகவே கையிருப்புக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போகுமுன் 15 நாளைக்கு என்ன சமைக்கிறீர்கள், எவ்வளவு அளந்து போடுகிறீர்கள் என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு: நாளைக்கு ஒன்றேகால் கிலோ புழுங்கலரிசி, மாதத்துக்கு துவரம்பருப்பு 4 கிலோ, நல்லெண்ணெய் 2 லிட்டர், புளி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. இதே அளவு இன்னொரு மாதத்துக்குக் கையிருப்பு. அதற்கு மேல் நான் வைப்பதில்லை. ஒரே நாளில் வாங்கினால் கை கடிக்கும். மளிகை போடும்போது மாதத்துக்கு ஒரு சாமானை மட்டும் இரட்டிப்பாக வாங்கினேன். இந்த மாதம் பருப்பு என்றால் அடுத்த மாதம் எண்ணெய். ஆறேழு மாதத்தில் அலமாரி நிறைந்தது.

புளியை மட்டும் வருஷத்துக்கு வாங்கிவிடுவோம். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டை, நார் எடுத்து, இரண்டு வெயில் காயவைத்து, பானையில் ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல்லுப்பு என்று அமுக்கி வைக்க வேண்டும். ஈரக்கை பட்டால் பானையே வீண்.

பருப்பு, பயறு வகைகளை நல்ல வெயிலில் காயவைப்பேன். எல்லோரும் தவறுவது இதற்கு அடுத்த வேலையில்தான். சூடாக இருக்கும்போதே டின்னில் கொட்டி மூடினால் உள்ளே வேர்த்து, அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கூடத்தில் பரப்பி ஆறவிட்டு, சாயங்காலம் அடையுங்கள். முழுப்பயறு, உளுந்துக்கு விளக்கெண்ணெய் சில சொட்டு விட்டுப் புரட்டிக்கொள்ளலாம். அரிசிக்குக் கடும் வெயில் ஆகாது, கீறல் விட்டு நொய்யாகிவிடும். நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையும் நாலு மிளகாய் வற்றலும் போட்டு மூடினால் போதும். நிலக்கடலையில் பூஞ்சணம் கண்டால் பொறுக்கி எடுத்துத் தின்னாதீர்கள், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

சித்திரை வெயில் வத்தலுக்கும் வடகத்துக்கும். மணத்தக்காளி, கொத்தவரை, மோர் மிளகாய் எல்லாம் வழக்கம்போலத்தான். தாளிப்பு வடகத்துக்குத்தான் பொறுமை வேண்டும். இடித்த சின்ன வெங்காயம், பூண்டு, ஊறிய உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு. பகலில் உதிர்த்துக் காயவைத்து, ராத்திரி உருட்டி வைத்து, மறுநாள் மறுபடி உதிர்த்து, இப்படிப் பத்து நாள். கடைசியில் விளக்கெண்ணெய் தடவி உருண்டையாகவே காயவிட்டு, ஜாடியில் அடைப்போம். புயலுக்குப் பின் வெங்காயம் கிடைக்காத நாட்களில் இதில் ஒரு சிட்டிகை கிள்ளித் தாளித்தால் குழம்பு வாசம் தெருமுனை வரை போகும்.

இனி புதன்கிழமை. அன்று எங்கள் வீட்டில் காய், மீன் வாங்குவதில்லை. அலமாரியில் இருப்பதுதான் சமையல். ஒரு வாரம் மணத்தக்காளி வத்தக்குழம்பு, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். அடுத்த வாரம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. காலையில் பச்சைப்பயறு தோசை, இல்லையென்றால் புளி அவல். வத்தக்குழம்புக்கு நல்லெண்ணெயைக் குறைக்காதீர்கள். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதித்தால் மறுநாளும் பிரிட்ஜ் இல்லாமல் நிற்கும். சின்னவன் ஆரம்பத்தில் "இன்னிக்கும் வத்தலாம்மா?" என்று மூஞ்சியைத் தூக்கினான். மோர் மிளகாயை முறுகப் பொரித்துத் தயிர்சோற்றோடு வைத்ததும் அந்தக் கேள்வி நின்றது.

புதன் சமையலால் சாமான் தானாகச் சுழல்கிறது. புதிதாக வாங்கியது பின்னால், பழையது முன்னால். டின்னில் வெள்ளைத் தாள் ஒட்டி வாங்கிய மாதத்தை எழுதுகிறேன். ரொம்பப் பழசான பருப்பு எத்தனை விசில் விட்டாலும் குழையாது, கேஸ்தான் வீண். மாவு வகைகளை மட்டும் கையிருப்பாக வைக்க வேண்டாம். முழுதாக வைத்துக்கொண்டு வேண்டும்போது அரைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் இல்லாத நாளுக்கென்று தனியாக ஒரு டின் உண்டு: அவல், பொட்டுக்கடலை, வெல்லம், மெழுகுவத்தி, தீப்பெட்டி. மிக்ஸி ஓடாது என்பதால் அம்மியைக் கொல்லைப்புறம் தள்ளவில்லை. மாற்று சிலிண்டர் நிறைந்திருக்க வேண்டும். மோட்டாரும் ஓடாது, ஆகவே புயல் செய்தி வந்ததுமே குடிநீரைக் குடங்களில் பிடித்து மூடிவிடுவோம்.

ஐப்பசி மழை பிடிக்குமுன், புரட்டாசியில் வெயில் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா டின்னையும் முற்றத்தில் இறக்குவோம். முகர்ந்து பார்க்கிற வேலை அத்தைக்கு. போன வருஷம் ஒரு கிலோ உளுந்து மட்டும் தேறவில்லை.