லேப்டாப் கூடுதல் வாரண்டி: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில் போடும் நேரத்தில், “இன்னும் இரண்டு ஆண்டுக்கு வாரண்டி சேர்த்துவிடலாமா?” என்று கடைக்காரர் கேட்டதும் அங்கேயே தலையாட்டிவிடுவது பலரும் செய்யும் தவறு. இந்தியாவில் விற்கப்படும் பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு ஓராண்டு வாரண்டி உண்டு. அது முடிவதற்குள் நீட்டித்துக்கொள்ளப் பல தயாரிப்பு நிறுவனங்கள் இடம் தருகின்றன என்பதால், விதிமுறைகளை வீட்டில் நிதானமாகப் படித்துவிட்டு முடிவு செய்யலாம்.

எது பழுதானாலும் வாரண்டி பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. என் அக்கா மகளின் லேப்டாப்பில் காப்பி கொட்டிவிட்டது. மூன்றாண்டு வாரண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். பின்மூடியைக் கழற்றிய பணியாளர், மதர்போர்டு என்ற முதன்மைச் சுற்றுப்பலகையின் ஓரத்தில் பச்சை பூத்திருந்த இடத்தைக் காட்டி, இது வாரண்டியில் வராது என்றார். அவர் சொன்னது சரிதான். வாரண்டி என்பது தயாரிப்புக் குறைபாட்டுக்கான பொறுப்பு மட்டுமே. கீழே விழுவது, தண்ணீர் படுவது, திரை உடைவது போன்றவற்றுக்கு விபத்துச் சேதப் பாதுகாப்பு என்ற தனித் திட்டத்தை எடுக்க வேண்டும். தினமும் பையில் போட்டுப் பேருந்தில் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு, வெறும் நீட்டிப்பைவிட அதுவே அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

பேட்டரியும் சேரும் என்று எண்ணிவிட வேண்டாம். மூன்றாண்டுத் திட்டம் எடுத்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான்.

திட்டத்தை வழங்குவது தயாரிப்பு நிறுவனமா, கடையா, வேறொரு நிறுவனமா என்று பார்க்காமல் விடுவதும் பின்னால் வருத்தம் தரும். வெளியார் திட்டங்கள் சிலவற்றில் ஆண்டுக்கு ஆண்டு தேய்மானம் கழித்துத்தான் தொகை கிடைக்கும்.

விலையையும் எடைபோடுங்கள். 35,000 ரூபாய் லேப்டாப்புக்கு, 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 7,000 ரூபாய் கேட்டால், அது பொருளின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பணத்தைப் பழுதுக்கென்று ஒதுக்கி வைப்பதே மேல். ஆனால் ரேம் என்ற நினைவகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட, விலையுயர்ந்த மெல்லிய லேப்டாப் என்றால், ரேம் கெட்டாலும் போர்டையே மாற்ற நேரிடலாம் என்பதால், தயாரிப்பு நிறுவனத்தின் நீட்டிப்பு எடுப்பது தகும்.

எடுத்த பிறகு, சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு முடிவுத் தேதியைப் பாருங்கள். கடையில் மாதக்கணக்கில் இருந்த பொருளுக்கு, நீங்கள் வாங்கும் முன்பே வாரண்டி தொடங்கியதாகப் பதிவாகியிருக்கலாம். பில்லை அனுப்பித் தேதியைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.