உங்கள் எஸ்பிரெசோ பழக்கத்தை ஒரு ஷீட்டில் எழுதிப் பார்ப்பது எப்படி

வீட்டில் எஸ்பிரெசோ (மெஷினில் சூடான தண்ணீரை அழுத்தத்தோடு தூள் வழியாகச் செலுத்தி எடுக்கும் கெட்டிக் காபி) போடுகிறவர்களில் பலர் நேற்றைய ஞாபகத்தை வைத்துத்தான் இன்றைக்கு காபிக் கொட்டை அரைக்கும் கிரைண்டரைத் திருகுகிறார்கள். காபி நன்றாக இருந்தது என்று நாக்குக்கு நினைவிருக்கும், எத்தனை கிராம் தூள் போட்டோம், கிரைண்டர் எந்த எண்ணில் நின்றது என்பதெல்லாம் மறந்திருக்கும். அதனால் எழுதி வையுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசு, போனில் டைமர், கூகுள் ஷீட்ஸ், இவ்வளவு போதும்.

முதலில், நீங்கள் மாற்றுகிற விஷயங்களையும் அதனால் வருகிற விளைவுகளையும் தனித்தனியாக வையுங்கள். தூளின் எடை, அரைப்பு எண், எந்தக் கொட்டை, அது வறுத்த தேதி, மெஷின் ஆன் செய்து எத்தனை நிமிடம் ஆயிற்று, இதெல்லாம் உங்கள் கையில் இருப்பவை. கோப்பையில் இறங்கிய எடை, எடுத்த நேரம், ருசி மூன்றும் விளைவுகள். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடி என்பது ஆரம்பிக்க நல்ல இடம், ஆனால் அதைச் சட்டமாகப் பிடித்துக்கொண்டு, 33 விநாடியில் அருமையாக வந்த காபியைத் தப்பு என்று குறிக்காதீர்கள். பம்ப் ஓட ஆரம்பித்ததிலிருந்து எண்ணுகிறீர்களா, முதல் சொட்டு விழுந்ததிலிருந்தா என்பதை மட்டும் ஒரு தடவை முடிவு செய்துவிட்டு அப்புறம் மாற்றாதீர்கள்.

ருசியை, டைமரைப் பார்ப்பதற்கு முன்பே குறித்துவிடுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டால் நாக்கு அதற்கேற்ற மாதிரி பேச ஆரம்பித்துவிடும். புளிப்பு, கசப்பு, சரி என்று ஒரு சொல்லும், 5க்கு ஒரு மதிப்பெண்ணும் போதும்.

இன்னொன்று, இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன்: சிங்க்கில் கொட்டியதையும் எழுதுங்கள். நல்லதாக வந்ததை மட்டும் எழுதினால் ஷீட்டில் இருப்பது உங்கள் பழக்கம் இல்லை, உங்கள் விருப்பம்.

ஓரளவு வரிசைகள் சேர்ந்ததும் கணக்குக்கு வரலாம். காபி எடையைத் தூள் எடையால் வகுத்தால் விகிதம் வரும். போட்ட தேதியிலிருந்து வறுத்த தேதியைக் கழித்தால் கொட்டையின் வயது. நேரத்துக்குச் சராசரி எடுக்காமல் மீடியன், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், எடுங்கள், ஏனென்றால் தண்ணீர் தூளில் ஓர் ஓட்டை கண்டுபிடித்து 14 விநாடியில் பாய்ந்த ஒரே ஒரு ஷாட் (ஒரு தடவை எடுத்த எஸ்பிரெசோ) சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும். அரைப்பை மாற்றிய பிறகு வரும் முதல் ஷாட்டில் கிரைண்டரில் தங்கிய பழைய தூளும் கலந்திருக்கும் என்பதால் அந்த வரிசைக்கு ஓர் அடையாளம் வைத்து, கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

பிறகு ஒரே அரைப்பு எண்ணில் எடுத்தவற்றை மட்டும் வடிகட்டி, கீழே கொட்டையின் வயது, பக்கவாட்டில் நேரம் என்று புள்ளிப் படம் போடுங்கள். பெரும்பாலும் நாளாக ஆக நேரம் குறைந்துகொண்டே வரும். கொட்டைக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நேரத்தைப் பழையபடி கொண்டுவர எத்தனை நாளுக்கு ஒரு முறை அரைப்பைச் சற்றே நைசாக்க வேண்டும் என்பது அந்தப் படத்திலேயே தெரியும்.

அடுத்து, காலையின் முதல் ஷாட்டையும் இரண்டாவதையும் ஒப்பிடுங்கள். முதலாவது திரும்பத் திரும்பப் புளிக்கிறது என்றால் உடனே கொட்டையைக் குறை சொல்ல வேண்டாம், சூடாகும் நேரத்தைப் பாருங்கள். இ61 என்ற வகை மாதிரி கனமான குரூப் (காபி இறங்கும் உலோகத் தலை) உள்ள மெஷின்கள் முழுதாகச் சூடாக அரை மணி நேரம்கூட எடுக்கும், மெஷினின் விளக்கு அதற்கு ரொம்ப முன்பே ரெடி என்று காட்டிவிடும்.

காபியில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்று அளக்கும் ரீஃப்ராக்டோமீட்டர் இப்போதைக்கு வேண்டாம். யாரிடமாவது இருந்தால் கணக்கு சுலபம்தான்: கரைந்த பொருள் 10 சதவீதம், காபி 36 கிராம், தூள் 18 கிராம் என்றால் தூளிலிருந்து 20 சதவீதம் இறங்கியிருக்கிறது. ஆனால் ருசியை ஒழுங்காகக் குறிக்காமல் அந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது.

கடைசியாக, ஒவ்வொரு புதுப் பைக்கும் சரியான அரைப்பைப் பிடிக்க எத்தனை கிராம் கொட்டை போகிறது என்று கூட்டிப் பாருங்கள். 250 கிராம் பையில் நான்கு ஷாட் வீணானால் 72 கிராம் போய்விட்டது. அடுத்த பை திறக்கும்போது, அதே அளவு வறுத்த பழைய பையின் முதல் வார வரிசைகளை வடிகட்டி, அதில் 4க்கு மேல் மதிப்பெண் வாங்கிய அரைப்பு எண்ணிலிருந்து தொடங்குங்கள்.