வில்டபீஸ்ட் மந்தையைத் தேடி: செரங்கெட்டி, மாசாய் மாரா சஃபாரியை முதன்முறை திட்டமிடுவது எப்படி?

ஆப்பிரிக்கப் பெரும் இடப்பெயர்வைப் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் விமான டிக்கெட் எடுக்கிறார்கள். அப்புறம் விடுதி பார்க்கிறார்கள். மந்தை அந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதற்குள் பணமெல்லாம் கட்டி முடிந்திருக்கும். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்டுகளும் (மாடு போலத் தோன்றும் பெரிய மான் வகை), 2 லட்சத்துக்கு மேற்பட்ட வரிக்குதிரைகளும், லட்சக்கணக்கான தாம்சன் கெசல் மான்களும் தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் கென்யாவின் மாசாய் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுக்கச் சுற்றுகின்றன. இதற்குத் தொடக்க நாள் என்று ஒன்று கிடையாது. மழை பெய்த இடத்தில் புல் முளைக்கும், புல் முளைத்த இடத்துக்கு மந்தை போகும், அவ்வளவுதான். தெற்குச் சமவெளியின் மண்ணில் எரிமலைச் சாம்பல் கலந்திருக்கிறது. அங்கே வளரும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம் என்பதால் ஈன்ற தாய்க்குப் பால் சுரக்க அது ஏற்ற தீவனம். ஆனால் மழை நின்றதும் அங்கே குடிக்க நல்ல தண்ணீர் இருக்காது. ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் மாரா நதி வடக்கே இருக்கிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் வரைபடம் தானாகப் புரியும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை மந்தை தெற்கில், இண்டூடு ஏரியைச் சுற்றி இருக்கும். பிப்ரவரிதான் குட்டி ஈனும் பருவத்தின் உச்சம். இரண்டு மூன்று வாரங்களுக்குள் லட்சக்கணக்கான குட்டிகள் பிறந்துவிடும். ஏப்ரல், மே நீண்ட மழைக்காலம். மந்தை வடமேற்காக நகரும், கட்டணம் குறையும், ஆனால் வண்டி சேற்றில் புதையும். ஜூன் வாக்கில் மேற்குப் பகுதியில் குருமெட்டி ஆற்றங்கரை. ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாரா நதி. தான்சானியப் பக்கம் கோகடெண்டே, கென்யப் பக்கம் மாசாய் மாரா. நவம்பரில் குறுகிய மழை தொடங்கியதும் மறுபடி தெற்கு நோக்கித் திரும்பிவிடும்.

மழை இரண்டு வாரம் முன்பின் ஆனால் இந்தக் கணக்கும் இரண்டு வாரம் முன்பின் ஆகும். அதனால் எந்தப் பருவத்துக்கும் சரியாக நடுவில் வரும்படி தேதியை வையுங்கள். ஜூலை முதல் வாரத்தில் போய் நதி கடப்பதைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் நிறைய.

முதன்முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை பிப்ரவரி இண்டூடு. எல்லோருக்கும் மாரா நதிதான் கனவு, தெரியும். ஆனால் நதிக்கரையில் மூன்று நாள் காத்திருந்தும் ஒரு மிருகம்கூட இறங்காமல் போகலாம். இண்டூடுவில் அந்தச் சந்தேகம் குறைவு. மர நிறத்தில் ஒரு குட்டி நழுவித் தரையில் விழும். தாய் நக்கிக்கொண்டே மூக்கால் முட்டும். முன்னங்கால் மடங்கி இரண்டு முறை குப்புற விழுந்து, ஐந்தாறு நிமிடத்துக்குள் நான்கு காலில் நின்றுவிடும். சற்று நேரத்தில் தாயோடு ஓடவும் செய்யும். தூரத்தில் கழுதைப்புலி ஒன்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். இதைக் கண்ணெதிரே பார்த்தவர்களுக்கு நதி ஒரு குறையாகவே தோன்றாது.

படி 2: மந்தை இருக்கும் பக்கத்தில் தங்குங்கள்

‘செரங்கெட்டியில் 3 இரவு’ என்று பயணத்திட்டத்தில் போட்டிருந்தால் அது போதாது. பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர். நடுவில் உள்ள செரோனெராவிலிருந்து கோகடெண்டே போகவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ஆகஸ்டில் செரோனெராவில் அறை எடுத்தவர், நதியைப் பார்க்க நாள் முழுக்க மண் சாலையில் குலுங்க வேண்டியதுதான். விடுதியின் பெயரோடு அது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். மந்தையோடு சேர்ந்து இடம் மாறும் கூடார விடுதிகளும் உண்டு. அப்படியானால் நீங்கள் போகும் தேதியில் கூடாரம் எங்கே அடித்திருக்கும் என்று எழுத்தில் பெறுங்கள்.

ஒரே இடத்தில் குறைந்தது மூன்று இரவு. தினமும் பெட்டி கட்டி இடம் மாறும் திட்டத்தில் காலை வெளிச்சம் முழுக்கப் பயணத்தில் போய்விடும்.

வரைபடத்தில் மாராவும் செரங்கெட்டியும் ஒட்டியிருப்பதைப் பார்த்து, காலையில் இங்கே மாலையில் அங்கே என்று போட்டுவிடாதீர்கள். பூங்காவுக்குள்ளேயே எல்லை தாண்ட சுற்றுலாப் பயணிகளுக்கு வழி இல்லை. இசெபானியா எல்லைச் சாவடி வழியாகச் சுற்றி வந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். முதல் பயணத்துக்கு ஒரு நாடு போதும்.

படி 3: வண்டியும் கட்டணமும்

கூரை திறக்கும் லேண்ட் குரூசர்தான் சரியான வண்டி. கென்யாவில் விலை குறைந்த திட்டங்களில் மினிவேன் தருவார்கள். காய்ந்த சாலையில் ஓடும், ஒரு மழை பெய்தால் நிற்கும். பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

- வண்டியில் மொத்தம் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் ஜன்னல் இருக்கை உறுதியா?
- ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு உண்டா?
- பூங்கா நுழைவுக் கட்டணம் சேர்ந்த விலையா?
- காலையில் கிளம்பி, மதிய உணவைக் கட்டிக்கொண்டு, மாலை வரை வெளியே இருக்க முடியுமா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டால் கையைக் கடிக்கும். மாசாய் மாராவில் வெளிநாட்டவருக்கு 2024 முதல் ஜனவரி–ஜூனில் தலைக்கு 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். அதுவும் காலை 6 முதல் மாலை 6 வரை, ஒரு பகலுக்கு. செரங்கெட்டியில் டிக்கெட் 24 மணி நேரக் கணக்கு. வாயிலில் மதியம் 1 மணிக்கு நுழைந்தால், வெளியேறும் நாளில் 1 மணிக்குள் தாண்டியாக வேண்டும். பிந்தினால் இன்னொரு நாள் கட்டணம். இண்டூடுவின் பெரும்பகுதி இங்கொரொங்கொரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் அதற்குத் தனிக் கட்டணம். ஆனால் அந்தப் பக்கத்தில்தான் பாதையை விட்டு விலகிப் புல்வெளியில் வண்டி ஓட்ட அனுமதி உண்டு. செரங்கெட்டி எல்லைக்குள் கிடையாது.

படி 4: ஊசி, விசா

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும்; அதன் பிறகுதான் சான்று செல்லும். கென்யா போய்விட்டு இந்தியா திரும்பும்போது அந்த மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் போவோரிடமும் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, அதனால் முன்பதிவு செய்துகொண்டு போங்கள். ஒருமுறை போட்டால் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும். பெயர், பாஸ்போர்ட் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை எது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தான்சானியாவுக்கு இணையவழி விசா. கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் இணையவழி பயண அனுமதி. ‘கிழக்கு ஆப்பிரிக்க சுற்றுலா விசா’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்கு மட்டும். தான்சானியா அதில் இல்லை.

படி 5: பை

சிறு விமானத்தில் போவதானால் வழக்கமாகத் தலைக்கு 15 கிலோ, அதுவும் அமுங்கும் துணிப்பைதான். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏறாது. பிளாஸ்டிக் கேரி பேக் இரண்டு நாடுகளிலும் தடை: கென்யாவில் 2017 முதல், தான்சானியாவில் 2019 முதல். துணிமணிகளைக் கடைப் பையில் சுற்றி வைக்கும் நம் வழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

காக்கி, பழுப்பு, சாம்பல் நிற உடைகள் நல்லது. கருப்பும் அடர் நீலமும் செட்சி ஈயை இழுக்கும். அது துணிக்கு மேலேயே கடிக்கும். பகலில் வெயில் சுடும், ஆனால் விடியற்காலையில் திறந்த கூரையில் நின்றால் பல் கிட்டிக்கும். ஸ்வெட்டரும் காது மறைக்கும் குல்லாயும் கட்டாயம். 8x42 பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. இருவர் ஒன்றைப் பகிர்ந்தால் சிறுத்தை ஓடி முடிந்த பிறகுதான் கைக்கு வரும். மின் பிளக்கு சதுர மூன்று முள் வகை, அதற்கான அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் வேண்டாம். பூங்காக்களில் தடை.

படி 6: நதிக்கரையில்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள், விலை கொடுப்பது விலங்குகள்.

மந்தை கரைக்கு வருவதால் கடக்கப்போகிறது என்று அர்த்தமில்லை. முன்னால் நிற்பது தண்ணீரை முகர்ந்து பார்க்கும், பின்னால் இருப்பவை நெருக்கும், புழுதி எழும்பும், ‘நூ... நூ...’ என்ற முனகல் பெருகிக்கொண்டே போகும். திடீரென்று ஒரு வரிக்குதிரை மிரளும், மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிடும். அரை மணி கழித்து மறுபடி வரும். இப்படி நான்கு மணி நேரம் நடக்கலாம்.

இந்த நேரத்தில் உங்கள் வண்டி கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, எஞ்சினை அணைத்து நிற்க வேண்டும். முதல் விலங்குகள் தண்ணீரில் இறங்கி, வரிசை பிடித்து நீந்தத் தொடங்கிய பிறகே வழிகாட்டி வண்டியை முன்னால் கொண்டுபோவார். அதற்கு முன்பே போனால், சரிவான நல்ல இறங்குதுறையை வண்டிகள் அடைத்துக்கொள்ளும். மந்தை செங்குத்தான மேட்டிலிருந்து குதிக்கும், கால் முறியும், ஒன்றன் மேல் ஒன்று விழும். மாராவில் முதலைகள் பிடிப்பதைவிட மூழ்கிச் சாவது மிக அதிகம்: 2001 முதல் 2015 வரையிலான ஆய்வுக் கணக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 6,250. அதை நம்மால் ஒன்றுகூட ஏற்ற வேண்டாம். ‘இன்னும் கிட்டப் போங்க’ என்று வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள். டிப்ஸுக்காக அவர் விதியை மீறும் நிலைக்குத் தள்ளுவது பயணிகள்தான். வண்டியை விட்டு இறங்கவே கூடாது. சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவார்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களோடு ஒரே வண்டியில் ஏறாதீர்கள். சேர்ந்து போகும் குழுவில் இதை முதல் நாள் இரவே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

நாலு ஸ்வாஹிலிச் சொல் கற்றுக்கொண்டால் வண்டிகளுக்கு இடையே ரேடியோவில் வழிகாட்டிகள் பேசிக்கொள்வது கொஞ்சம் பிடிபடும்: நியும்பு என்றால் வில்டபீஸ்ட், புண்டா மிலியா வரிக்குதிரை, சிம்பா சிங்கம், மாம்பா முதலை.

படி 7: படம் எடுக்க

100–400 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். ஷட்டர் வேகம் நொடியில் 1/1000க்குக் குறையாமல். வண்டிக்குள் முக்காலிக்கு இடமில்லை. ஜிப் வைத்த துணிப்பையை வெறுமையாக எடுத்துப்போய், தான்சானியாவின் அருஷாவிலோ கென்யாவின் நைரோபியிலோ இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக் கூரை விளிம்பில் வையுங்கள், கேமரா அசையாது. வண்டி ஓடும்போது லென்ஸ் மாற்றினால் புழுதி உள்ளே போய்விடும். பூ வேலை இல்லாத பழைய தலையணை உறை ஒன்றைக் கேமராவின் மேல் போர்த்தி வைப்பது மலிவான, நல்ல பாதுகாப்பு.

திரும்பிய பிறகு

மலேரியா மாத்திரையை ஊர் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். டாக்சிசைக்ளின் என்றால் இன்னும் 4 வாரம், அடோவாகுவோன்–ப்ரோகுவானில் என்றால் 7 நாள் தொடர வேண்டும். அடுத்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ‘ஆப்பிரிக்கா போய்விட்டு வந்தேன்’ என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்.